மேற்படி முப்பத்தொரு பேர்

மலையக விளையாட்டு வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்க வேண்டிய நாள் ஒன்று உண்டு. எல்டர்வேல் தோட்டத்துச் சிறுவர் கிரிக்கெட் லீக் உதயமான நாள் அது. வானமும் மலையும் அதற்குச் சாட்சி.

வானம் அன்று பனிமூட்டத்தில் மறைந்திருந்தது. மலையும் தெரியவில்லை. ஆகவே உண்மையான சாட்சி சின்னத்தம்பி மாமாவின் மாடு மட்டும்தான். அதுவும் எங்களைப் பார்க்கவில்லை. விக்கெட்டுக்குப் பின்னால் வளர்ந்திருந்த புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது எனக்குப் பதினொரு வயது. இப்போது பத்தாம் தரம் படிக்கிறேன். நான்கு வருஷம் போய்விட்டது. ஆனாலும் சனிக்கிழமை மத்தியானம் தேயிலைத் தொழிற்சாலையின் சங்கு ஊதினால், என் கை தானாகவே மட்டையைத் தேடுகிறது.

எங்கள் மைதானம் சமதரை அல்ல. மேல் பக்கத்திலிருந்து பந்து வீசினால் யார் வீசினாலும் வேகப் பந்து. கீழ்ப் பக்கத்திலிருந்து வீசினால், பந்து போய்ச் சேருவதே பெரிய காரியம். தேயிலைக்குள் போனால் நான்கு ஓட்டம். மலை ஊற்றிலிருந்து குழாயில் கொட்டும் பீலித் தண்ணீரில் விழுந்தால் அவுட். நனைந்த பந்து காய அரை நாள் ஆகும் என்பதால் அந்தச் சட்டம்.

அந்த மைதானத்தில் மேலிருந்து வீசினாலும் கீழிருந்து வீசினாலும் ஒரே மாதிரி வீசக்கூடியவள் ஒருத்திதான். தொழிற்சாலைப் பிரிவு றொசானா. இடது கைக்காரி. என் உயிர்த் தோழி. என்னை எத்தனை தடவை அவுட் ஆக்கினாள் என்று எண்ணுவதை நான் நிறுத்திவிட்டேன். அவள் நிறுத்தவில்லை.

"அறுபத்து மூணு," என்றாள் கடைசியாக.

"இது சும்மா விளையாட்டுடி. லீக் வெச்சு, தாள்ல ஸ்கோர் எழுதி ஆடிப் பாரு. அடிச்சுக் காட்டுறேன்."

"எழுதி வெச்சா மட்டும் பந்து வேற மாதிரியா வரும்?"

"நான் வேற மாதிரி ஆடுவேன்."

இப்படிச் சொல்லிச் சொல்லியே அதற்குள் ஒரு வருஷம் ஓட்டியிருந்தேன். அப்போதுதான் ஒரே மாதத்தில் இரண்டு சம்பவங்கள் நடந்தன.

முதலாவது, றொசானாவின் அப்பா றோலண்ட் மாமாவுக்கு வத்தளையில் வேலை கிடைத்தது. ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போகிறார்கள். திரும்பி வரமாட்டார்கள்.

இரண்டாவது, மைதானத்துக்குப் பூட்டு விழுந்தது.

நாங்கள் அது தோட்டத்து மைதானம் என்று நினைத்திருந்தோம். அது எப்போதோ டவுனில் உள்ள பிரதேச சபைக்குச் சொந்தமாகிவிட்டதாம். சபை வந்து சுற்றிலும் கம்பி வேலி போட்டது. வாசலில் இரும்புக் கதவு, சங்கிலி, பூட்டு. மேலே ஒரு பெரிய பலகை.

"பொது விளையாட்டு மைதானம்" என்று பலகையின் முதல் வரியில் இருந்தது. "பொதுமக்கள் உட்பிரவேசிக்கத் தடை" என்று இரண்டாம் வரியில் இருந்தது.

சின்னத்தம்பி மாமாவின் மாட்டுக்கு வாசிக்கத் தெரியாது. அது மறுநாளே கீழ் மூலையில் வேலியைத் தள்ளி ஓட்டை போட்டு உள்ளே போய்விட்டது. எங்களுக்கு வாசிக்கத் தெரியும். ஆனாலும் நாங்களும் அதே ஓட்டை வழியாகப் போனோம். இரண்டாம் நாள் சபை ஊழியர் ஒருவர் வந்து எங்கள் மட்டையைப் பிடுங்கிக்கொண்டு போனார். மாட்டிடம் அவர் எதையும் பிடுங்கவில்லை.

"அனுமதி எடுத்தா ஆடலாமாம்," என்றான் மேற்பிரிவு லோஜன். "நாலு டீம் இருக்கணும். லீக்னு பேர் இருக்கணும். பதினெட்டு வயசுக்கு மேல ஒரு தலைவர் இருக்கணும்."

தோட்டத்தில் நான்கு பிரிவுகள் உண்டு. பிரிவுக்கு ஓர் அணி, அணிக்கு எட்டுப் பேர். ஆக முப்பத்திரண்டு பேர் சேர்ந்தோம். தலைவராக வினோஜன் அண்ணனைத் தெரிவு செய்தோம். அவருக்குப் பத்தொன்பது வயது. ஆட்டோ ஓட்டுவார். தலைமைக்கு வேண்டிய மற்றத் தகுதி எதுவும் அவரிடம் இல்லை. உத்தியோகத்தர்கள் என்றால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

என் கையெழுத்து அழகு என்பதால் விண்ணப்பப் படிவத்தை நான் நிரப்பினேன். முதலாவது பெயர் என்னுடையது. விலாசம்: எல்டர்வேல் தோட்டம், சின்னப்பத்தனை. அடுத்த முப்பத்தொரு பேருக்கும் அதே விலாசம். கை வலிக்கும் என்று ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் "மேற்படி" என்று எழுதினேன். ஆசிரியர் கற்றுத் தந்த சொல். அழகான சொல்.

அந்த அழகான சொல்தான் எங்களைக் கவிழ்த்தது.

சபையில் மைதானங்களுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் ஜீவராணி மிஸ். மேசையில் அவர் பெயர்ப் பலகை அவர் முகத்தை விடப் பெரிதாக இருந்தது. பேச்சு முழுக்க எழுத்துத் தமிழ். மிஸ் வாய் திறந்தால் பாடப் புத்தகம் பேசுவது போல இருக்கும்.

"இரண்டாவது பெயர் ஷாமிலா, விலாசம் மேற்படி," என்று அவர் வாசித்தார். "மூன்றாவது பெயர் லோஜன், மேற்படி. நான்காவது, மேற்படி. ஐந்தாவது, மேற்படி."

கடைசி வரை வாசித்தார். நடுவில் ஒரு தடவை தண்ணீர் குடித்தார்.

"முப்பத்திரண்டு பேரும் ஒரே வீட்டில் வசிக்கிறீர்களா?"

"சரிங்க மிஸ்," என்றார் வினோஜன் அண்ணன்.

நான் அவர் காலை மிதித்தேன். "இல்லீங்க மிஸ். அது வீடு இல்ல, தோட்டம். எங்க எல்லாருக்கும் அந்த ஒரே விலாசம்தான்."

"ஒரே வீட்டைச் சேர்ந்த மூவருக்கு மேல் ஒரு லீக்கில் இடம்பெறலாகாது. ஒரு குடும்பமே மைதானத்தைக் கைப்பற்றிவிடக் கூடாது என்பதற்காக இயற்றப்பட்ட விதி. உங்கள் வீட்டு இலக்கம் என்ன?"

"லயத்துல வரிசையா ஒட்டிக் கட்டுன காம்பிராவுக்கு நம்பர் இல்லீங்க மிஸ்."

"அப்படியானால் உங்களுக்குக் கடிதம் எவ்வாறு கிடைக்கிறது?"

"தோட்டத்து ஆபிசுக்கு வரும். காலையில பெரட்டுல வேலைக்கு ஆள் பிரிக்கிறப்ப பேர் கூப்பிட்டுக் குடுப்பாங்க. சில நேரம் மறந்துருவாங்க. எங்க சித்தப்பா கல்யாணப் பத்திரிகை போன மாசம்தான் வந்துச்சு. சித்தப்பா மகன் இப்ப நடக்குறான்."

மிஸ்ஸின் முகத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. உடனே நின்றுவிட்டது.

"அது இங்கு தேவையற்ற விடயம். வீட்டு இலக்கம் இல்லாத விண்ணப்பம் விண்ணப்பமே அல்ல."

"நிராகரிக்கப்பட்டது" என்ற முத்திரையைக் குத்தினார். மை போதாததால் மூன்று தடவை குத்தினார்.

திரும்பி வந்தபோது றொசானா ரோடு வளையும் முடக்கில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது.

"நான் வேணும்னா ஆளுக்கு ஒரு விலாசம் சும்மா எழுதிக் குடுக்கவா?" என்றார் வினோஜன் அண்ணன். இப்போது அவருக்கு நாக்கு நன்றாக வேலை செய்தது. "நுவரெலியாவுல பத்து, ஹட்டன்ல பத்துன்னு."

"பொய் விலாசத்துக்கு அனுமதி வந்தா, அது நுவரெலியாவுக்குத்தான் போகும்," என்றேன்.

"விடுடி," என்றாள் றொசானா. "நான் போனப்புறம் நீங்க மெதுவா அனுமதி எடுத்து ஆடுங்க. அறுபத்து மூணோட நிக்கட்டும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் பந்தைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். அவள் போக இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

அன்று சாயங்காலம் அம்மா ரொட்டிக்கு மாஜரின் எடுக்க டப்பாவைத் திறந்தார். மூடியைக் கவிழ்த்து மேசையில் வைத்தார். மூடியின் உட்பக்கம் வெள்ளை வெளேர் என்றிருந்தது.

நான் ரொட்டியை விட்டுவிட்டு விண்ணப்பப் படிவத்தை எடுத்து மறுபடி வாசித்தேன். வீட்டுக்கு இலக்கம் இருக்க வேண்டும் என்றுதான் இருந்தது. இலக்கத்தை யார் போட வேண்டும் என்று எங்கேயும் இல்லை.

மறுநாள் முப்பத்திரண்டு பேரும் மாஜரின் மூடி சேகரிக்கக் கிளம்பினோம். சுவரில் எழுதினால் தோட்டத்துத் தொரை சத்தம் போடுவார். அதனால் மூடியில் எண்ணை எழுதி, நூல் கோத்து, கதவுக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டோம். எங்கள் பீலிக்கரை லயத்தில் ஆரம்பித்தோம். பத்துக் காம்பிரா உள்ள லயம்.

சின்னத்தம்பி மாமா வீடு ஒரு கோடியில் இருந்தது. அதற்கு ஒன்று என்று போட்டேன். அப்படியே எண்ணிக்கொண்டு போனதில் என் வீடு நான்கு. மறுகோடியில் ராக்காயி அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"அவனுக்கு ஒன்னு, எனக்குக் கடைசியா? இந்த லயத்துக்கு மொதல்ல வந்தது யாரு? எங்க குடும்பம். அந்த மூடியக் கழட்டு."

கழற்றினால் சின்னத்தம்பி மாமா சண்டைக்கு வருவார். கழற்றாவிட்டால் அத்தை சண்டைக்கு வருவார். நான் கொஞ்சம் யோசித்தேன்.

"அத்தை, ஒன்னு பெருசா, பத்து பெருசா?"

அத்தை யோசித்தார். "பத்துதான்."

"இந்த லயத்துலயே பெரிய நம்பர் உங்களுக்குத்தான்."

அத்தை மூடியை வாங்கி முந்தானையால் துடைத்துத் தானே மாட்டினார். அன்று கொழுந்து மலை முழுக்க இதே பேச்சு. "அவனுக்கு ஒன்னு. எனக்குப் பத்து."

மறுநாள் காலையில் சின்னத்தம்பி மாமா எங்கள் வாசலில் நின்றார்.

"பிரேமினி, எனக்குப் பதினொன்னு போட்டுக் குடும்மா."

அவரைச் சமாதானப்படுத்த, அவர் மூடியில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒரு மாட்டுத் தலை வரைந்து கொடுத்தேன். மாடு நாய் போல வந்துவிட்டது. அவருக்கு அது போதுமாக இருந்தது.

பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குத்தான் மூடி மாட்ட நினைத்தோம். ஆனால் எல்லா வீட்டாரும் கேட்டார்கள். நான்கு பிரிவிலும் அந்த வாரம் மாஜரின் தீர்ந்துபோனது.

புதிய படிவத்தில் முப்பத்திரண்டு விலாசங்களையும் முழுதாக எழுதினேன். ஒரு "மேற்படி" கூட இல்லை. கை உண்மையிலேயே வலித்தது.

ஜீவராணி மிஸ் நம்பவில்லை. "நேரில் வந்து பரிசோதிக்கப்படும்," என்றார். ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். பிறகு ஒரு நாள் ஜீப்பில் வந்து, கறுப்புக் கண்ணாடியோடு இறங்கினார். உயரமான செருப்பு சேற்றில் புதைந்தது. காலை எடுத்தார். செருப்பு வரவில்லை. வினோஜன் அண்ணன்தான் அதைத் தோண்டி எடுத்துக் கொடுத்தார்.

மிஸ் லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மூடிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தார். மாட்டுத் தலைக்கு முன்னால் சற்று நேரம் நின்றார்.

"இந்த இலக்கங்களை இட யார் அனுமதித்தது?"

"வீட்டு இலக்கம் இருக்கணும்னுதான் மிஸ் படிவத்துல இருக்கு. யார் போடணும்னு இல்ல."

மிஸ் படிவத்தை மேலிருந்து கீழே வாசித்தார். பிறகு திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது.

"மழையில நனையாதீங்க. பத்தாம் நம்பருக்கு வாங்க," என்று ராக்காயி அத்தை கூப்பிட்டார். அந்த எண்ணை வெளியாள் ஒருவரிடம் சொல்ல அவர் ஒரு வாரமாகச் சந்தர்ப்பம் தேடிக்கொண்டிருந்தார்.

மிஸ் உள்ளே போய் உட்கார்ந்தார். அத்தை பிளேன்டீயும், கடித்துக்கொள்ள ஒரு துண்டு சக்கரையும் கொடுத்தார். கொடுத்தவர் மிஸ்ஸின் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"நீ டயகமத் தோட்டத்து மீனம்மா மகதானே? மூக்கு ஒழுகிக்கிட்டே பெரட்டுக் களத்துல ஓடித் திரிவியே, ராணி?"

மிஸ் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆமாங்க அத்தை," என்றார். "இப்ப ஒழுகுறதில்லீங்க."

பாடப் புத்தகம் எங்கே போனதோ தெரியவில்லை. சக்கரையைக் கடித்து, தேநீரை உறிஞ்சி, சத்தம் வரக் குடித்தார். பிறகு வாசலில் ஆடிக்கொண்டிருந்த மூடியைப் பார்த்தார்.

"எங்க லயத்துல நாங்களும் கடைசி காம்பிராதான். எனக்குக் கெம்பஸ்ல எடம் கெடச்ச கடிதம் வந்து ஆபிசுல பதினாறு நாள் கெடந்துச்சு. பதினேழாவது நாள் பதில் போடக் கடைசி நாள். அம்மா என்னைய இழுத்துக்கிட்டு ஓடுனாங்க. இப்படி ஒரு மூடி தொங்கியிருந்தா நாங்க பன்னெண்டாம் நம்பரா இருந்திருப்போம்."

அத்தை இன்னொரு துண்டு சக்கரை வைத்தார்.

மழை விட்டது. மிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார். "விண்ணப்பம் பரிசீலிக்கப்படும்," என்றார். எழுத்துத் தமிழ் பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டது. ஆனால் போகும்போது, நூல் தளர்ந்து சரிந்திருந்த ஏழாம் நம்பர் மூடியை நேராக்கிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் தபால்காரர் ஆபிசில் நிற்காமல் எங்கள் லயத்துக்கே ஏறி வந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"பிரேமினி, இலக்கம் நாலு, பீலிக்கரை லயம். யாரும்மா அது?"

எங்கள் லயத்துக்கு நேரே வந்த முதல் கடிதம் அதுதான். பத்து வீட்டாரும் வெளியே வந்து பார்த்தார்கள். "உறையில நம்பர் இருந்தா நான்தான் கொண்டு வரணும்," என்று தபால்காரர் வருத்தத்தோடு சொன்னார். அவர் கண்ணில் பட்ட இடமெல்லாம் மூடிகள்.

அனுமதி கிடைத்திருந்தது. ஏப்ரல் கடைசி சனிக்கிழமை, றொசானா போவதற்கு முதல் நாள். கூடவே பதினான்கு நிபந்தனைகள். மூன்றாவது நிபந்தனை, பிரதம விருந்தினரைக் கொண்டு திறப்பு விழா நடத்த வேண்டும். பதினோராவது, வீரர்களின் பெயர், வீட்டு இலக்கத்தோடு ஸ்கோர் தாளை மூன்று பிரதிகள் எழுதிச் சபையில் ஒப்படைக்க வேண்டும். மற்றப் பன்னிரண்டையும் அப்போது யாரும் வாசிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை சபையிலிருந்து பிரதம விருந்தினர் வெள்ளை உடுப்பில் வந்தார். மாலை போட்டோம். கதவின் பூட்டுச் சாவியை வைத்திருந்த சபை ஊழியர் லிந்துலையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். எங்கள் மட்டையை மட்டும் மறக்காமல் ஜீப்பில் அனுப்பிவைத்திருந்தார்.

பிரதம விருந்தினர் கொஞ்ச நேரம் பூட்டைப் பார்த்தார். பிறகு நாங்கள் வழி காட்ட, மாடு போட்ட ஓட்டைக்குள் மாலையோடு குனிந்து நுழைந்தார். உள்ளே நின்ற மாடு அவருக்கு வழி விட்டது.

"இன்று முதல்," என்று அவர் பேசத் தொடங்கினார், "இந்த மைதானத்தின் கதவுகள் உங்களுக்காகத் திறந்துவிட்டன."

அவருக்குப் பின்னால் கதவு பூட்டியே இருந்தது.

பேச்சு முடியத் தொழிற்சாலைச் சங்கு ஊதிவிட்டது. ஆறு ஆட்டங்கள் நடக்க வேண்டிய நாள். கீழே பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறி வந்துகொண்டிருந்தது. ஓர் ஆட்டத்துக்குத்தான் நேரம் இருந்தது. மற்ற ஐந்தும் அடுத்த கிழமைக்குப் போயின. நடந்தது எங்கள் கீழ்ப்பிரிவுக்கும் தொழிற்சாலைப் பிரிவுக்கும் இடையிலான ஆட்டம். அதாவது எனக்கும் றொசானாவுக்கும்.

நான் முதலாவதாக ஆடப் போனேன். வினோஜன் அண்ணன் கல்லின்மேல் உட்கார்ந்து ஸ்கோர் தாளை முழங்காலில் வைத்துக்கொண்டார். ஜீவராணி மிஸ் அவர் பக்கத்தில் நின்றார். அன்று தட்டையான செருப்புப் போட்டிருந்தார்.

மேல் பக்கத்தில் றொசானா பந்தைச் சட்டையில் தேய்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் தேயிலை, அதற்கும் பின்னால் வெள்ளையாகப் பனி. அந்தக் காட்சி இன்றைக்கும் கண்ணை மூடினால் வரும்.

"அறுபத்து மூணு," என்று அங்கிருந்து கத்தினாள்.

"இன்னிக்கு எழுதுறாங்கடி," என்று நானும் கத்தினேன்.

அவள் ஓடி வந்தாள்.

மறுநாள் விடியற்காலை பஸ்ஸில் றொசானா போனாள். பந்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். பஸ் அக்கரப்பத்தனை ரோட்டில் திரும்பும் வரை கை காட்டினேன். பிறகும் கொஞ்ச நேரம் காட்டினேன்.

இரண்டு கிழமை கழித்துத் தபால்காரர் மறுபடியும் மூச்சு வாங்க ஏறி வந்தார். வத்தளையிலிருந்து, இலக்கம் நான்குக்கு ஒரு கடிதம். பிரித்துப் பார்த்தேன். முழுத் தாளில் பெரிதாக ஒரே ஒரு எண்தான் இருந்தது. 64.

ஸ்கோர் தாளின் மூன்று பிரதிகளையும் ஜீவராணி மிஸ் முத்திரை குத்திக் கோப்பில் வைத்திருக்கிறார். முத்திரைக்கு இந்தத் தடவை மை போதுமாக இருந்தது. அதில் முதல் வரி: "பிரேமினி, இலக்கம் 4, பீலிக்கரை லயம். முதலாவது பந்து, அவுட். ஓட்டம் 0." ஸ்கோர் தாள்களை ஏழு வருஷம் பாதுகாக்க வேண்டும் என்பது பன்னிரண்டாவது நிபந்தனை. இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது.